சொந்தக் கையால் கட்டும் கார்: எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தேர்ந்தெடுக்கும் முறை

பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டு, வீட்டுக் கொட்டகையிலேயே புதிய கார் ஒன்றைக் கட்டி முடிக்கும் பழக்கம் பிரிட்டனில் பல்லாண்டுகளாக நிலவி வருகிறது. இவ்வேலையில் இறங்குவோர் அனைவரும் தொழில் பயின்ற மெக்கானிக்குகள் அல்லர். அவர்களில் பலர் முதன்முதலில் கேட்கும் கேள்வி, "எந்த எஞ்சின் மிகுதியான குதிரைசக்தி தரும்?" என்பதாகும். இக்கேள்வி இயல்பானதே, ஆயினும் இது வேலையைத் தவறான முனையிலிருந்து தொடங்குகிறது. "இந்த எஞ்சினும், இதனோடு ஒரே வண்டியில் ஓடிய கியர்ப்பெட்டியும், நான் கட்டவிருக்கும் அடிச்சட்டத்துக்கும் அதன் எடைக்கும் பொருந்துமா?" என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

அங்ஙனம் கேளாமல், மலிவாகக் கிடைத்ததென்று எஞ்சினை முதலில் வாங்கியவர் படும் இடர்ப்பாடுகள் பல. எஞ்சின் உயரமாக இருப்பதால் மேல்மூடி மூடாது. புகைபோக்கிக் குழாய் ஸ்டியரிங் தண்டில் இடிக்கும். கியர்க் கம்பு ஓட்டுபவரின் கைக்கு எட்டாத இடத்தில் வந்து நிற்கும். ஒன்றைத் திருத்தினால் அத்திருத்தம் மற்றொன்றைக் கெடுக்கும். முடிவில் பணமும் ஊக்கமும் தீர்ந்து, பாதி கட்டிய அடிச்சட்டம் மூலையில் துருவேறிக் கிடக்கும். அதனினும் கொடியது, பொருந்தாத உறுப்புகளைக் கொண்டு எப்படியோ முடித்துவிட்ட வண்டி ஓடத் தொடங்குவதேயாகும். அதில் அமர்பவரின் உயிர் அத்தேர்வைச் சார்ந்தது.

இப்பொருளில் நம் நாட்டு ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கருத்துச் செலுத்துவதற்குக் காரணம் உண்டு. எஞ்சினியரிங் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாணவர் குழுக்கள் பந்தயத்துக்காகச் சிறு வண்டிகளைக் கட்டிவருகின்றன. அக்குழுக்களுக்கு வழிகாட்டுபவர் இதே கேள்வியைச் சந்திக்கிறார். மேலும், பல்சக்கர விகிதம், முறுக்குவிசை, சக்தி, இயக்க ஆற்றல் ஆகிய பாடங்கள் யாவும் ஓரிடத்தில் கூடிவரும் நல்லதோர் எடுத்துக்காட்டாகவும் இது அமைகிறது.

கிட் காரும் மூலவண்டியும்

கட்டுவோர் வாங்கும் உறுப்புத் தொகுதிக்குக் கிட் என்று பெயர்; அதிலிருந்து உருவாகும் வண்டியே கிட் கார். இவ்வகையில் புகழ்பெற்றது, காலின் சாப்மன் என்பவர் வடிவமைத்து 1957ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் சிறு கார் ஆகும். அக்காலத்தில் பிரிட்டனில் முழுமையாகக் கட்டப்பட்ட காருக்குக் கொள்முதல் வரி உண்டு; உதிரி உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்வோருக்கு அவ்வரி இல்லை. ஆகவே வரிச்சலுகையே இப்பழக்கத்தை வளர்த்த பெருங்காரணம் எனலாம். தொடக்ககாலச் செவன் கார்கள் பலவற்றில், ஃபோர்டு நிறுவனத்தின் 1172 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எளிய எஞ்சின் பூட்டப்பெற்றது. 1973இல் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக்கூட்டு வரி வந்தது. அவ்வாண்டிலேயே செவன் காரைக் கட்டும் உரிமை கேட்டர்ஹம் நிறுவனத்துக்குச் சென்றது. வரிச்சலுகை போனபின்னும் கட்டுவோரின் ஆர்வம் போகவில்லை.

1996இல் ரான் சாம்பியன் எழுதிய ஒரு நூல், கிட்டையும் வாங்காமல், சதுர எஃகுக் குழாய்களைத் தாமே அறுத்துப் பற்றவைத்து அடிச்சட்டம் செய்துகொள்ளும் முறையை விளக்கியது. அதற்கு வேண்டிய எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்னச்சு முதலியவை பழைய ஃபோர்டு எஸ்கார்ட் கார் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டன. இவ்வாறு தன் உறுப்புகளை அளிக்கும் பழைய காரை இக்கட்டுரையில் மூலவண்டி என்று குறிப்போம்.

எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பிரிக்கலாகாது

எஞ்சினின் பின்முகமும் கியர்ப்பெட்டியின் முன்னுறையும் சில போல்ட்டுகளால் இணைவதைக் கண்டு, துளைகள் பொருந்தினால் போதுமென்று எண்ணுவது எளிது. உண்மையில் பொருந்தவேண்டியவை பல.

முதலாவதாக, கிராங்க் ஷாஃப்ட்டின் அச்சும் கியர்ப்பெட்டியின் உள்வரும் தண்டின் அச்சும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும். இதனை நிலைநிறுத்துவன போல்ட்டுகள் அல்ல. இரு முகங்களுக்கும் இடையே செருகப்படும் பொருத்தூசிகளே. இரண்டாவதாக, பின்சக்கரங்களை இயக்கும் கார்கள் பலவற்றில், உள்வரும் தண்டின் நுனி கிராங்க் ஷாஃப்ட்டின் கடையிலுள்ள சிறு பேரிங்கில் சென்று அமரவேண்டும். தண்டு குட்டையானால் அது தாங்குதலின்றி ஆடும், நீளமானால் முட்டும். மூன்றாவதாக, தண்டிலுள்ள நெடுவரிப் பற்களின் எண்ணிக்கையும் குறுக்களவும் கிளச்சுத் தட்டின் நடுத்துளைக்கு ஒத்திருக்கவேண்டும். நான்காவதாக, ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறுசக்கரமும் ஃப்ளைவீலின் வளையப் பற்களும் ஒன்றோடொன்று சரியாகக் கவ்வவேண்டும். ஐந்தாவதாக, கிளச்சை விடுவிக்கும் நெம்புகோலின் நகர்ச்சி, அழுத்துதட்டு கேட்கும் அளவுக்குச் சமமாக இருக்கவேண்டும்.

வெவ்வேறு வண்டிகளின் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் இடைத்தகடுகள் விற்பனைக்குக் கிடைப்பது உண்மையே. அனுபவமிக்கோர் அவற்றை வெற்றியுடன் பயன்படுத்துகின்றனர். ஆயினும் அச்சு சிறிதளவு விலகினாலும் பேரிங்குகள் விரைவில் தேயும்; கியர் நழுவும்; காரணத்தைக் கண்டறிவதும் கடினம். முதல்முறையாகக் கட்டுபவர் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஒரே மூலவண்டியிலிருந்து, ஒருபோதும் பிரிக்காத ஜோடியாகவே எடுத்துக்கொள்வது நன்று. இயன்றால் பின்னச்சையும் அதிலிருந்தே எடுக்கவேண்டும்.

முதலில் அமைப்பைத் தீர்மானித்தல்

எஞ்சின் எத்திசையில் கிடக்கிறது, எச்சக்கரங்களைச் சுழற்றுகிறது என்பவற்றை வைத்து மூலவண்டிகளை மூவகைப்படுத்தலாம்.

முதல்வகையில் எஞ்சின் முன்புறத்தில் நெடுக்காகக் கிடக்கும். கியர்ப்பெட்டி அதன் பின்னே இருக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னச்சுக்குச் செல்லும். செவன் போன்ற வண்டிகளுக்கு இதுவே உரியது. 1968 முதல் 1980 வரை வந்த எஸ்கார்ட் கார்கள் இவ்வகையின. 1980இல் வந்த மூன்றாம் எஸ்கார்ட், முன்சக்கரங்களை இயக்கும் வண்டியாக மாறிவிட்டது. பழைய எஸ்கார்ட்டுகளை ராலிப் பந்தயக்காரர்களும் சேகரிப்போரும் விரும்பி வாங்கியதால் அவை அரியனவாயின. எனவே கட்டுவோர், 1982 முதல் 1993 வரை விற்கப்பட்ட ஃபோர்டு சியராவை நாடினர். அதன் இடத்தில் வந்த மாண்டியோவும் முன்சக்கர இயக்கமுடையதாக இருந்தமையால், அதன்பின் மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின்மீது அவர்கள் பார்வை திரும்பியது. 1989இல் அறிமுகமான அக்காரின் முதல் தலைமுறை வண்டிகளில், கதவுக்குக் கீழுள்ள ஓரச்சட்டங்கள் துருப்பிடித்துப் போனபின்னும் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் நல்ல நிலையில் இருப்பது வழக்கம். உடல் கெட்டு உள்ளுறுப்பு நன்றாயிருக்கும் வண்டியே மூலவண்டிக்கு ஏற்றதென்பதை இதனால் அறியலாம்.

இரண்டாம் வகையில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும். கியர்ப்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் அடங்கி முன்சக்கரங்களை இயக்கும். இத்தொகுதியை அப்படியே பெயர்த்து இருக்கைகளுக்குப் பின்னே வைத்தால், அது பின்சக்கரங்களை இயக்கும். நீண்ட தண்டும் தனிப் பின்னச்சும் தேவையில்லை. ஆனால் ரேடியேட்டர் முன்னும் எஞ்சின் பின்னுமாக இருப்பதால் நீர்க்குழாய்கள் நீளும். காற்றுக்குமிழி தங்காதபடி அவற்றை அமைப்பது தனிக்கலை. கியர்க் கம்பியும் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

மூன்றாம் வகைக்குப் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சான்றாகும். அதில் காற்றால் குளிரும் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னே இருக்கிறது. 1964இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்த மேயர்ஸ் மாங்க்ஸ் என்னும் கடற்கரை வண்டி முதலாக, எண்ணற்ற கிட் கார்கள் பீட்டிலின் மீது எழுந்தன. இத்தொகுதியை அப்படியே வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. எடையை நடுவே கொணரும் நோக்கத்துடன் எஞ்சினைப் பின்னச்சுக்கு முன்னே வருமாறு முழுத்தொகுதியையும் திருப்பி வைத்தாலோ, சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். அஃதாவது, வண்டிக்குப் பின்செல்ல நான்கு கியர்களும் முன்செல்ல ஒரே கியரும் கிடைக்கும்! டிஃபரன்ஷியலின் பெரிய பல்வளையத்தைச் சிறுசக்கரத்தின் மறுபுறத்துக்கு மாற்றினால்தான் இது நேராகும்.

அமைப்பைத் தீர்மானிப்பது எஞ்சினைவிடக் கியர்ப்பெட்டியே என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. மாருதி 800 காரிலும் மாருதி ஆம்னி வண்டியிலும் அமைந்தது 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரே குடும்பத்து மூன்று சிலிண்டர் எஞ்சின். முன்னதில் அது குறுக்காகக் கிடந்து முன்சக்கரங்களை இயக்கியது. பின்னதில் நெடுக்காகக் கிடந்து பின்சக்கரங்களை இயக்கியது. எஞ்சின் ஒன்றேயாயினும் கியர்ப்பெட்டி வேறானதால் வண்டியின் அமைப்பே வேறாயிற்று.

அமைப்பு ஒத்துவந்தபின் உருவளவைப் பார்க்கவேண்டும். 1959இல் ஃபோர்டு ஆங்லியாவில் வந்த கென்ட் எஞ்சின் குடும்பம் உயரம் குறைந்தது; செவன் போன்ற தாழ்ந்த வண்டியில் எளிதில் அடங்கும். சியராவில் பரவலாக வந்த பின்டோ எஞ்சினில் கேம் ஷாஃப்ட் தலைக்கு மேல் இருப்பதால் உயரமும் எடையும் கூடுதல். அதனைச் செவன் வகை வண்டியில் வைப்போர், மேல்மூடியில் துளையிட்டோ எண்ணெய்த் தொட்டியின் ஆழத்தைக் குறைத்தோ இடம் காண்பர். தொட்டியின் ஆழம் குறைந்தால் எண்ணெயின் அளவும் குறையும். வளைவில் விரையும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பின் வாய் வறளும். உள்ளே தடுப்புத்தகடுகள் வைத்தே இதனைத் தவிர்க்கவேண்டும்.

எடையும் சக்தியும்

சக்தியை மட்டும் நோக்குவது பயனற்றது. அதனை எடையோடு சேர்த்தே நோக்கவேண்டும். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறக்குறைய 115 குதிரைசக்தி தரும். அக்காரின் எடை சுமார் 950 கிலோகிராம். அஃதாவது டன் ஒன்றுக்கு 121 குதிரைசக்தி. அதே எஞ்சினை 600 கிலோகிராம் எடையுள்ள செவன் வகை வண்டியில் வைத்தால், டன்னுக்கு ஏறத்தாழ 190 குதிரைசக்தி கிடைக்கிறது. எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமலே வண்டி பாதிக்குமேல் வலுப்பெற்றுவிடுகிறது. ஆகவே கட்டும் வண்டி இலேசானதாயின், சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினே போதுமானது. அதற்குமேல் தேடுவது பெரும்பாலும் தேவையற்றது.

தேவையற்றது மட்டுமன்று, ஆபத்தும் உண்டு. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் வளர்வதை மாணவரும் அறிவர். 950 கிலோகிராம் கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, பிரேக்குகள் விழுங்கவேண்டிய ஆற்றல் சுமார் 366 கிலோஜூல். 600 கிலோகிராம் வண்டிக்கு அதே வேகத்தில் 231 கிலோஜூல் மட்டுமே. எனவே மூலவண்டியின் பிரேக்குகள் தாராளமாகப் போதுமென்று தோன்றும். ஆனால் அந்த இலேசான வண்டி 130 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் ஆற்றல் 391 கிலோஜூலாகிவிடுகிறது. இலேசாக்கியதால் பெற்ற நன்மை முழுவதையும் 30 கிலோமீட்டர் வேகம் தின்றுவிட்டது. மேலும், முன்கனமுள்ள காருக்கென்று முன்னும் பின்னும் பங்கிடப்பட்ட பிரேக் விசை, எடை வேறுவிதமாகப் பரவிய வண்டிக்குச் சரியாயிராது. வலுவான எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவர் அக்கணமே பிரேக்கையும் தேர்ந்தெடுக்கக் கடமைப்பட்டவர்.

பல்விகிதக் கணக்கு

வாங்குமுன் காகிதத்தில் செய்யவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகளைக் கியர் விகிதத்தாலும் பின்னச்சு விகிதத்தாலும் வகுத்தால், சக்கரத்தின் சுற்றுகள் கிடைக்கும். அதனைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் வண்டியின் வேகம் கிடைக்கும்.

சியராவில் வந்த ஐந்து வேகக் கியர்ப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் எஞ்சினோடு வந்த அப்பெட்டியின் விகிதங்கள் முறையே 3.65, 1.97, 1.37, 1.00, 0.82 ஆகும். பின்னச்சு விகிதம் 3.92 எனவும், சக்கரத்தின் சுற்றளவு 1.7 மீட்டர் எனவும், எஞ்சினின் மேல்வரம்பு நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் எனவும் கொள்க. முதற்கியரில் மொத்த விகிதம் 3.65 × 3.92 = 14.31. சக்கரம் நிமிடத்துக்கு 419 முறை சுழலும். வேகம் மணிக்கு 43 கிலோமீட்டர். இவ்வாறே இரண்டாம் கியரில் 79, மூன்றாம் கியரில் 114, நான்காம் கியரில் 156 கிலோமீட்டர் வரும்.

இவ்வெண்கள் ஒரு குறையை வெளிப்படுத்துகின்றன. சியரா போன்ற கனமான குடும்பக் கார், ஆட்களும் சுமையும் ஏற்றி மேட்டில் புறப்படுவதற்காக முதற்கியர் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டுள்ளது. இலேசான வண்டியில் அது புறப்பட்டவுடனே தீர்ந்துவிடும். 6000 சுற்றில் முதற்கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால், எஞ்சின் 6000 × 1.97 ÷ 3.65, அஃதாவது சுமார் 3240 சுற்றுகளுக்கு வீழ்கிறது. எம்.எக்ஸ்-5 காரின் கியர்ப்பெட்டியில் முதலிரு விகிதங்கள் 3.136, 1.888, அங்கே எஞ்சின் சுமார் 3610 சுற்றுகளில் நிற்கும். உயர்ந்த சுற்றில் மட்டுமே வலுக்கொடுக்குமாறு திருத்தப்பட்ட எஞ்சினுக்கு இவ்வேறுபாடு பெரிது; வீழ்ச்சி மிகுந்தால் எஞ்சின் தன் வலுவான எல்லையினின்றும் வெளியேறி மந்தமாகிவிடும். திருத்தப்படாத சாதாரண எஞ்சின் தாழ்ந்த சுற்றிலும் இழுக்கும் தன்மையுடையது. அதற்கு இதே கியர்ப்பெட்டி குறையாகத் தோன்றாது. ஆக, கியர்ப்பெட்டி நல்லதா என்ற கேள்விக்கு எஞ்சினைப் பாராமல் விடை கூற இயலாது.

பின்னச்சை மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. சியரா கார்களில் 3.38 விகிதமுள்ள பின்னச்சும் உண்டு. மேற்கண்ட கணக்கில் அதனை இட்டால், முதற்கியரின் எல்லை ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு உயர்கிறது. ஐந்தாம் கியரில் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது, முன்பு 95 கிலோமீட்டராயிருந்த வேகம் 110 ஆகிறது. எடை குறைந்த வண்டி இம்மாற்றத்தைத் தாங்கும், இரைச்சலும் குறையும். ஆனால் கியர்களுக்கிடையேயுள்ள இடைவெளி பின்னச்சால் மாறாது என்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுக.

மோட்டார் சைக்கிள் எஞ்சின்

சிலர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை விரும்புகின்றனர். அதில் கியர்ப்பெட்டி எஞ்சினோடு ஒரே உறையில் அமைந்திருப்பதால் பொருத்தும் சிக்கல் இல்லை. எடையும் மிகக் குறைவு. சக்தி என்பது முறுக்குவிசையும் சுழற்சியும் சேர்ந்த பெருக்கம். 135 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 5500 சுற்றில் தரும் கார் எஞ்சின் 78 கிலோவாட் தரும். 100 நியூட்டன் மீட்டரை 10,000 சுற்றில் தரும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் 105 கிலோவாட் தரும். சிறிய எஞ்சின் பெரியதை வெல்வது மிகுந்த சுழற்சியினாலேயே.

ஆனால் இதன் விலையையும் அறியவேண்டும். இருநூறு கிலோகிராம் அளவுள்ள இருசக்கர வண்டியைப் புறப்படச் செய்வதற்கென்று அமைந்த கிளச்சு, இப்போது அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட எடையை நகர்த்தவேண்டும். இருசக்கர வண்டி வளைவில் சாய்வதால் எண்ணெய் தொட்டியின் அடியிலேயே நிற்கும். கார் சாயாததால் எண்ணெய் பக்கவாட்டில் ஓடிவிடும். பின்செல்லும் கியர் பெரும்பாலும் இராது. அதற்குத் தனிச் சாதனம் பொருத்தவேண்டும். பந்தயத் தடத்துக்கு இவ்வெஞ்சின் சிறந்தது. அன்றாடப் பயணத்துக்குக் கார் எஞ்சினே தகும்.

மின்னணுச் சாதனங்களும் புகை விதிகளும்

கார்புரெட்டர் உள்ள பழைய எஞ்சினுக்குச் சில மின்கம்பிகள் போதும். எரிபொருளைப் பீச்சும் புதிய எஞ்சினுக்கோ மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, உணர்விகள், மின்கம்பித் தொகுதி, சாவியோடு இணைந்த திருட்டுத்தடுப்புச் சாதனம் ஆகிய யாவும் ஒருங்கே வேண்டும். சாவி ஒன்று விடுபட்டாலும் எஞ்சின் உயிர்பெறாமற் போகலாம். எனவே கம்பிகளை வெட்டாமல், ஒவ்வொரு இணைப்பிலும் அடையாளச்சீட்டுக் கட்டி, முழுமையாகக் கழற்றுவதே முறை.

பிரிட்டனில் இவ்வகை வண்டிகளைத் தனித்தனியே சோதிக்கும் முறை 1998இல் வந்தது. 2009 முதல் தனி வண்டி ஒப்புதல் என்னும் சோதனை அதன் இடத்தைப் பெற்றது. அங்கே எஞ்சினின் வயதைப் பொறுத்தும் புகையின் வரம்பு அமைகிறது. எனவே எஞ்சினின் வயதை மெய்ப்பிக்கும் ஆவணமும் எஞ்சினைப் போலவே மதிப்புடையது.

வாங்குமுன் செய்யும் சோதனை

கூடுமானவரை எஞ்சினைத் தரையில் கிடக்கும் நிலையில் வாங்காமல், வண்டியோடு, ஓடும் நிலையில் வாங்குக. பின்புறம் அடிபட்டு, முன்புறம் சேதமுறாத வண்டி மிகவும் ஏற்றது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதலில் முடுக்கச் செய்து கேட்கவேண்டும். தொடர்ந்து வரும் நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறியபின்னும் நீங்காத வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிவதைக் காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்போன்ற குழம்பு படிந்திருந்தால், நீரும் எண்ணெயும் கலந்திருக்கக்கூடும். பின்டோ எஞ்சினில், கேம் ஷாஃப்ட்டின்மேல் எண்ணெய் தெளிக்கும் குழாயின் துளைகள் அடைபட்டுக் கேம்கள் தேய்வது அறிந்த குறை. வால்வு மூடியைத் திறந்து பார்த்தல் நலம்.

அடுத்து, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் பொறியையும் நிறுத்தி, காற்றுவாயை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளவியால் அளக்கவேண்டும். சிலிண்டர்களுக்கிடையே நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட வேறுபாடு இருத்தலாகாது. ஏதேனும் ஒன்று தாழ்ந்திருந்தால், அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அமுக்கம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. உயராவிட்டால் குறை வால்வுகளிலோ தலைப்பகுதியின் காஸ்கெட்டிலோ உள்ளது எனக் கொள்ளலாம்.

கியர்ப்பெட்டியை ஓட்டிப் பார்த்தே அறியமுடியும். ஒவ்வொரு கியரிலும் முடுக்கிவிட்டுத் திடீரென முடுக்கியை விடும்போது கியர் தானே நழுவினால் உட்தேய்வு உண்டு. மாற்றும்போது அரைபடும் ஓசை எழுந்தால், வேகத்தை இணக்கும் வளையங்கள் தேய்ந்துள்ளன. வடித்த எண்ணெயில் மின்னும் உலோகத் துணுக்குகள் மிகுந்திருந்தால் அப்பெட்டியை விட்டுவிடுவதே சிக்கனம்.

எஞ்சின் எண்ணும் வண்டியின் பதிவுச்சீட்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, விற்பனைச் சீட்டையும் பெற்றுக்கொள்ளல் இன்றியமையாதது. உரிமை தெளிவற்ற எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

நம் நாட்டில் கவனிக்கவேண்டியது

பிரிட்டனில் உள்ளதுபோல், வீட்டில் கட்டிய தனி வண்டியை எளிதாகச் சோதித்துப் பதிவு செய்யும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி, வண்டியின் முன்மாதிரி அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் ஒப்புதல் பெறவேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு பெற்ற வண்டியை உற்பத்தியாளர் குறித்த தன்மையினின்றும் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே, மாணவர் கட்டும் வண்டி பொதுச்சாலைக்கு உரியதன்று என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே அவர்களுக்கும் பெற்றோருக்கும் தெளிவுபடுத்துதல் ஆசிரியரின் கடமை.

அதற்குரிய இடம் மூடிய தடமே. கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெற்று வந்துள்ள ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் பந்தயங்களில், 710 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத நான்கு வீச்சு எஞ்சின்களே அனுமதிக்கப்படுகின்றன. பெட்ரோல் எஞ்சினாயின், உட்செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளை வழியே சென்றாகவேண்டும். துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியபின் அதற்குமேல் செல்லாது. கணக்குப்படி நொடிக்குச் சுமார் 74 கிராம் காற்றே எல்லை. காற்றுக்கு எல்லை உண்டெனில் சக்திக்கும் எல்லை உண்டு. எனவே நான்கு சிலிண்டர் எஞ்சினை நாடாமல், 373 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள கே.டி.எம். 390 போன்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை, எடைக்குறைவையும் எளிமையையும் கருதித் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் பல. சக்தியைவிடப் பொருத்தமே முதன்மை என்பதை அப்பந்தய விதியே கற்பித்துவிடுகிறது.

பள்ளியிலும் கல்லூரியிலும் எஞ்சின் ஒன்றும் கையில் இல்லாவிடினும் இப்பாடத்தை நடத்தலாம். ஊரில் ஓடும் மூன்று வண்டிகளின் எடை, சக்தி, கியர் விகிதங்கள், பின்னச்சு விகிதம், டயர் அளவு ஆகியவற்றை மாணவர்கள் சேகரிக்கட்டும். ஒவ்வொரு கியரின் வேகத்தையும், மாற்றும்போது எஞ்சினின் சுற்று எவ்வளவு வீழ்கிறது என்பதையும் பட்டியலிடட்டும். பின்னர், "600 கிலோகிராம் வண்டிக்கு இவற்றுள் எதனை மூலவண்டியாகக் கொள்வாய், ஏன்?" என்று கேட்க. குதிரைசக்தியை மட்டும் கூறி நிறுத்தாமல், கியர்ப்பெட்டியையும் பிரேக்கையும் சேர்த்து விடையளிக்கும் மாணவர், ஸ்பானரைத் தொடுவதற்கு ஆயத்தமாகிவிட்டார் என்று கொள்ளலாம்.